திரைவாசிப்பானுடன் ஒலிநூல் கேட்போருக்கான பிழை நீக்கும் வழிமுறை

டாக்பேக் (ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பான்) அல்லது வாய்ஸ்ஓவர் (ஐபோனின் திரைவாசிப்பான்) இயங்கும் கைபேசியில் ஒலிநூல் கேட்பவரின் காதில் எப்போதும் இரண்டு குரல்கள் இருக்கின்றன. ஒன்று புத்தகத்தின் குரல். மற்றொன்று திரையில் இருப்பதைச் சொல்லும் திரைவாசிப்பானின் குரல். இரண்டுக்கும் ஒலியளவு தனி, வேகம் தனி, நிறுத்தும் முறையும் தனி. "போன் பேசமாட்டேன் என்கிறது" என்று என்னிடம் வரும் கைபேசிகளில் பெரும்பாலானவற்றில் பழுது எதுவும் இருப்பதில்லை. ஒரு குரலுக்குரிய அமைப்பை மற்றதற்குரியது என்று எண்ணி யாரோ மாற்றியிருப்பார்கள். அதைச் சரிசெய்ய முயன்று இன்னும் இரண்டு அமைப்புகள் மாறியிருக்கும். ஆகவே கீழே எந்தத் தலைப்புக்குப் போவதாக இருந்தாலும், நின்றது எந்தக் குரல் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதற்கான சோதனை எளியது. புத்தகத்தை நிறுத்திவிட்டு, ஒரு விரலைத் திரையில் மெதுவாக நகர்த்துங்கள். பொத்தான்களின் பெயர்கள் கேட்டால் திரைவாசிப்பான் நலமாக இருக்கிறது. பிறகு இரு விரல்களால் இருமுறை தட்டுங்கள். டாக்பேக்கின் புதிய பதிப்புகளிலும் வாய்ஸ்ஓவரிலும் ஓடிக்கொண்டிருந்த ஒலியை நிறுத்தவும் தொடரவும் இதுவே சைகை. (பல விரல் சைகைகள் பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் இல்லை, அவற்றில் செயலியின் இயக்கு பொத்தானைத்தான் தேட வேண்டும்.) புத்தகம் ஒலிக்கத் தொடங்கினால் அதுவும் நலம். இந்தச் சைகை கடைசியாக ஒலி எழுப்பிய செயலிக்கே போய்ச் சேரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இடையில் ஒரு காணொளியைக் கேட்டிருந்தால் புத்தகத்துக்குப் பதிலாக அந்தக் காணொளி ஓடத் தொடங்கும்; அது பிழை அன்று.

அமைப்புகளின் பெயர்கள் கைபேசிக்குக் கைபேசி சற்று மாறும். நான் சொல்லும் பெயர் கிடைக்காவிட்டால், அமைப்புகள் பக்கத்தின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்து தேடுவதே விரைவான வழி.

திரைவாசிப்பான் பேசுகிறது, புத்தகம் ஒலிக்கவில்லை

செயலியில் கடந்த நேரத்தைக் காட்டும் இடத்தில் விரலை வையுங்கள். சில நொடிகள் கழித்து மீண்டும் வையுங்கள். இரண்டு முறையும் சொல்லப்பட்ட நேரம் வேறு வேறா, ஒன்றேயா என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

*நேரம் ஓடுகிறது, ஒலி இல்லை*

மீடியா ஒலியளவு குறைந்திருப்பதே மிகவும் சாதாரணமான காரணம். ஆண்ட்ராய்டில் டாக்பேக்குக்கென்று அணுகல்தன்மை ஒலியளவு தனியாக இருக்கிறது. டாக்பேக் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒலியளவு விசையை அழுத்தினால் அதன் ஒலியளவு மாறும். அது மௌனமாக இருக்கும்போது அழுத்தினால் மீடியா ஒலியளவு மாறும். புத்தகத்தின் சத்தத்தைக் கூட்ட நினைத்து, டாக்பேக் ஏதோ அறிவித்துக்கொண்டிருக்கும் நொடியில் விசையை அழுத்தினால், டாக்பேக்தான் உரக்கக் கத்தத் தொடங்கும். புத்தகம் இருந்தபடியே இருக்கும். எனவே புத்தகத்தை ஓடவிட்டு, திரையைத் தொடாமல் இரண்டு நொடி பொறுத்திருந்து, பிறகு ஒலியளவு விசையை அழுத்துங்கள்.

அதிலும் கேட்கவில்லை என்றால், ஒலி வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. புளூடூத்தை அணைத்துப் பாருங்கள். அடுத்த அறையில் இருக்கும் ஒலிபெருக்கியோ, பெட்டிக்குள் சரியாக மூடாமல் வைக்கப்பட்ட இயர்பட்ஸோ இணைந்திருக்கக்கூடும். புளூடூத்தை அணைத்ததும் புத்தகம் கைபேசியில் கேட்டால் வேலை முடிந்தது.

ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக் கேட்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில பழைய பதிவுகளில் குரல் இடது அல்லது வலது தடத்தில் மட்டுமே இருக்கும். அணுகல்தன்மை அமைப்புகளில் ஒலி சார்ந்த பகுதியில் மோனோ ஆடியோ என்ற தேர்வை இயக்கினால் இரு தடங்களும் ஒன்றாகிவிடும். அதே பக்கத்தில் இருக்கும் இடது வலது சமநிலைப் பட்டை ஓர் ஓரத்துக்குப் போயிருக்கிறதா என்றும் கவனியுங்கள். விரல் தவறி அது நகர்ந்துவிடுவது அரிதல்ல.

*நேரமே ஓடவில்லை*

கோப்பு முழுமையாக வந்து சேரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கோப்பு மேலாளரில் அதன் அளவைக் கேளுங்கள். பேச்சுப் பதிவுகளில் அடிக்கடி பயன்படும் 64 கேபிபிஎஸ் தரத்திலான எம்பி3 கோப்பு, ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 29 எம்பி இருக்கும். 128 கேபிபிஎஸ் என்றால் அதன் இரு மடங்கு. பத்து மணி நேர நூல் என்று சொல்லப்பட்டது மூன்று எம்பி மட்டுமே இருந்தால், செயலியை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை. மீண்டும் பதிவிறக்க வேண்டும். சில கேபி மட்டுமே இருந்தால் பெரும்பாலும் அது ஒலிக்கோப்பே அன்று. நூலகத் தளத்தில் உங்கள் உள்நுழைவு காலாவதியாகி, நூலுக்குப் பதில் உள்நுழைவுப் பக்கமே எம்பி3 என்ற பெயரில் இறங்கியிருக்கும். வெளியேறி, மறுபடி உள்நுழைந்து, பிறகு பதிவிறக்குங்கள்.

அளவு சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் நூல் பாதுகாப்புப் பூட்டுடன் வந்திருக்கலாம். விலைக்கு வாங்கிய நூல் அதை விற்ற நிறுவனத்தின் செயலியிலும், உறுப்பினருக்கென வழங்கப்படும் நூல் அந்த நூலகம் அனுமதித்த செயலியிலும் மட்டுமே திறக்கும். இந்த இடத்தில் கைபேசியை நோண்டுவதை நிறுத்திவிட்டு, வழங்கிய நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். நூலின் பெயர், செயலியின் பெயரும் பதிப்பும், தோன்றிய பிழைச் செய்தி அப்படியே எழுத்தெழுத்தாக: இவை மூன்றும் இருந்தால்தான் அவர்களாலும் உதவ முடியும்.

புத்தகம் ஒலிக்கிறது, திரைவாசிப்பான் பேசவில்லை

ஐபோனில் இது நேர்ந்தால் வேறு எதையும் செய்வதற்கு முன் மூன்று விரல்களால் இருமுறை தட்டுங்கள். வாய்ஸ்ஓவரின் பேச்சை மட்டும் அணைக்கும் சைகை அது. கைபேசியைப் பிடிக்கும்போது விரல்கள் தற்செயலாகப் பட்டுவிடும். பெரிதாக்கிக் காட்டும் ஸூம் வசதியும் இயங்கிக்கொண்டிருந்தால் மும்முறை தட்ட வேண்டும். பக்கவாட்டு விசையை மூன்று முறை அழுத்தினால் வாய்ஸ்ஓவர் முழுவதும் அணைவதாகவோ இயங்குவதாகவோ பெரும்பாலானோர் அமைத்திருப்பார்கள். சட்டைப் பைக்குள் இந்த அழுத்தமும் நேரலாம்.

ஆண்ட்ராய்டில் இரண்டு ஒலியளவு விசைகளையும் சேர்த்து மூன்று நொடி அழுத்துவதே வழக்கமான குறுக்குவழி. இயங்கத் தொடங்கியதற்கான ஒலியோ அதிர்வோ வந்தும் பேச்சு கேட்கவில்லை என்றால், அணுகல்தன்மை ஒலியளவு மிகவும் தாழ்ந்திருக்கிறது. ஒரு விரலைத் திரையில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். டாக்பேக் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே மற்றொரு கையால் ஒலியளவைக் கூட்டுங்கள்.

கூட்டியும் பயனில்லை என்றால், எழுத்தைக் குரலாக்கும் மென்பொருளான பேச்சுப் பொறி முடங்கியிருக்கலாம். புதுப்பிப்புகளுக்குப் பிறகு இப்படி ஆவதுண்டு. கைபேசியை ஒருமுறை அணைத்து இயக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பார்வையுள்ள ஒருவரின் உதவியுடன் எழுத்தைப் பேச்சாக்கும் அமைப்புப் பக்கத்துக்குப் போய், இயல்பான பொறியை வேறொன்றாக மாற்றுங்கள். கையடக்கமான ஈஸ்பீக் பொறியை இரண்டாவதாக நிறுவி வைத்திருப்பது நல்லது. அதன் குரல் இனிமையானதல்ல; ஆனால் மற்றவை கைவிடும்போது அது பேசும்.

உதவிக்கு வருபவரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரை இருண்டிருந்தால் கைபேசி செத்துவிட்டது என்று பொருள் இல்லை. வாய்ஸ்ஓவரில் திரைச்சீலை என்ற வசதியும், டாக்பேக்கில் திரையை மறைக்கும் தேர்வும் உண்டு. இதை அறியாதவர்கள் நன்றாக இயங்கும் கைபேசியை அணைத்து அணைத்து இயக்கிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கின்றன

திரைவாசிப்பான் ஒவ்வொரு நொடியும் எண்களை உதிர்த்துக்கொண்டே இருந்தால், ஃபோகஸ், அதாவது திரைவாசிப்பான் அப்போது நிற்கும் இடம், கடந்த நேரத்தைக் காட்டும் பகுதியில் சிக்கியிருக்கிறது. "மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி, மூன்று நிமிடம் பதின்மூன்று நொடி" என்று அது முடிவில்லாமல் போகும். வலப்பக்கம் ஒருமுறை தள்ளி ஃபோகஸை வேறொரு பொத்தானுக்கு நகர்த்துங்கள். அல்லது திரையைப் பூட்டிவிடுங்கள். புத்தகம் தொடரும், எண்கள் நிற்கும்.

அறிவிப்புகள் வரும்போது மட்டும் இரண்டும் மோதினால், திரைவாசிப்பான் பேசும்போது மற்ற ஒலியைத் தாழ்த்தும் அமைப்பை இயக்குங்கள். ஆடியோ டக்கிங் என்ற பெயரில் அது டாக்பேக்கின் ஒலி அமைப்புகளிலும் வாய்ஸ்ஓவரின் ஆடியோ பகுதியிலும் இருக்கும். சிலருக்கு இதற்கு நேர்மாறான தொல்லை இருக்கும்: அறிவிப்பு வரும்போதெல்லாம் புத்தகம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் தாழ்ந்து, ஒரு சொற்றொடர் போய்விடுகிறது என்பார்கள். அவர்கள் அதே அமைப்பை அணைக்க வேண்டும். இரண்டும் வேண்டாம் என்பவர்கள் வாசிப்பு நேரத்தில் தொந்தரவு செய்யாதே நிலையை இயக்குவதே மேல்.

ஒரே வரி இரண்டு குரல்களில், ஒன்று சற்று முன்னும் மற்றொன்று பின்னுமாக வந்தால், அது ஒலிப்பதிவு செய்த நூலாக இருக்காது. எழுத்து வடிவ மின்னூலாக இருக்கும். செயலி தன் சொந்த வாசிப்புக் குரலில் படிக்கிறது, திரைவாசிப்பானும் அதே பக்கத்தைப் படிக்கிறது. செயலியின் குரலை ஓடவிட்டுத் திரையைப் பூட்டுங்கள். அல்லது செயலியின் குரலை நிறுத்திவிட்டுத் திரைவாசிப்பானைத் தொடர்ந்து படிக்கச் சொல்லுங்கள். நீண்ட நேரம் கேட்பதற்கு முதல் வழியையே நான் பரிந்துரைப்பேன். காரணம் அடுத்த தலைப்பில் வருகிறது.

சிறிது நேரம் ஓடிவிட்டுத் தானாக நின்றுவிடுகிறது

*ஒவ்வொரு முறையும் அதே கால அளவில் நிற்கிறது*

தூக்க நேரங்காட்டி இயங்கிக்கொண்டிருக்கிறது. பதினைந்து அல்லது முப்பது நிமிடத்தில் புத்தகத்தை நிறுத்தும் இந்த வசதி, பல செயலிகளில் ஒருமுறை இயக்கினால் மறுநாளும் நீடிக்கும்.

*திரை அணைந்ததும் நிற்கிறது*

எழுத்து நூலை டாக்பேக் படித்துக்கொண்டிருந்தால் இது எதிர்பார்க்க வேண்டியதே. திரை அணைந்தால் டாக்பேக்கின் தொடர் வாசிப்பும் நின்றுவிடும். திரை அணையும் நேரத்தை மிக அதிகமான அளவுக்கு நீட்டலாம் என்றாலும் அது பேட்டரியைத் தின்றுவிடும். செயலியின் சொந்த வாசிப்புக் குரல் பின்னணியிலும் ஓடும் என்பதால்தான் அதைப் பரிந்துரைத்தேன்.

*திரை அணைந்து சில நிமிடங்கள் கழித்து நிற்கிறது*

இப்படி நிற்பது ஒலிப்பதிவு நூலாக இருந்தால், ஆண்ட்ராய்டின் பேட்டரிச் சிக்கனம் செயலியை உறங்கவைத்திருக்கும். அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குப் போய், நீங்கள் பயன்படுத்தும் வாசிப்புச் செயலியைத் திறந்து, பேட்டரி என்பதன் கீழ் கட்டுப்பாடு இல்லாத நிலையைத் தேர்ந்தெடுங்கள். சில தயாரிப்பாளர்கள் இதற்கு மேலும் உறங்கும் செயலிகள் என்றொரு பட்டியலைத் தனியாக வைத்திருப்பார்கள். அதிலிருந்தும் நீக்க வேண்டும். பெரிய மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு இந்தத் தொல்லை திரும்ப வந்தால் இதே இடத்தை மறுபடி பாருங்கள்.

*இயர்பட்ஸில் ஒன்றைக் கழற்றியதும் நிற்கிறது*

சுற்றுப்புற ஒலியைக் கேட்பதற்காக ஒரு காதைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய இடையூறு. காதில் இருக்கிறதா என்று உணரும் வசதியே புத்தகத்தை நிறுத்துகிறது. இயர்பட்ஸின் அமைப்பில் அதை அணைத்துவிட்டு, முன்பு சொன்ன மோனோ ஆடியோவை இயக்குங்கள்.

விட்ட இடம் தொலைந்துவிடுகிறது. அத்தியாயங்கள் முன்பின்னாக வருகின்றன

அதிகமாக மனம் சோர்வடையச் செய்யும் பிழை இதுதான். இருபது மணி நேர நூலில் பதினொன்றாம் மணியை இழந்தவருக்குப் பக்கத்தைப் புரட்டித் தேடும் வசதி இல்லை.

முதலில் நீங்கள் கேட்கும் செயலி எது என்று பாருங்கள். பாட்டுக் கேட்பதற்கான செயலிகளில் பல விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அவற்றைப் பொறுத்தவரை ஒவ்வொரு கோப்பும் ஒரு பாட்டு. கலைத்துப் போடும் பொத்தான் இயங்கியிருந்தால் மூன்றாம் அத்தியாயத்துக்குப் பின் பதினேழாம் அத்தியாயம் வரும். ஒலிநூலுக்கென்றே உருவாக்கப்பட்ட செயலிக்கு மாறுவதுதான் தீர்வு. பாட்டுச் செயலியில் எந்த அமைப்பை மாற்றினாலும் அது அரைகுறைதான்.

ஒலிநூல் செயலியிலும் வரிசை குலைந்தால், கோப்புகளின் பெயர்களைப் பாருங்கள். பெயர்கள் 1, 2, 3 என்று தொடங்கினால் பல செயலிகள் அவற்றை எழுத்து வரிசையில் அடுக்கும். அப்போது 1-க்குப் பிறகு 10, 11, 12 என்று போய், பிறகுதான் 2 வரும். கேட்பவருக்கு முதல் அத்தியாயத்திலிருந்து கதை திடீரென்று பாதியைத் தாண்டிவிட்டதுபோல் இருக்கும். பெயர்களை 01, 02 என்றும், நூறு கோப்புகளுக்கு மேல் இருந்தால் 001, 002 என்றும் மாற்றினால் வரிசை சீராகிவிடும். இதைக் கைபேசியில் ஒவ்வொன்றாகச் செய்வது சலிப்பூட்டும் வேலை. கணினியில் மொத்தமாகப் பெயர் மாற்றிக்கொண்டு நகலெடுங்கள். பெயர் சரியாக இருந்தும் வரிசை குலைந்தால், செயலி கோப்புக்குள் பதிந்திருக்கும் தட எண்ணைப் பார்த்து அடுக்குகிறது என்று பொருள். கோப்புப் பெயரின்படி அடுக்கு என்ற தேர்வு அதன் அமைப்புகளில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

வரிசை சரியாக இருந்தும் இடம் மட்டும் தொலைந்தால், இயர்போன் பொத்தானைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான இயர்போன்களில் ஒருமுறை அழுத்தினால் நிறுத்தும், இருமுறை அழுத்தினால் அடுத்த தடத்துக்குப் போகும், மும்முறை அழுத்தினால் முந்தைய தடத்துக்குத் திரும்பும். நிற்கவில்லையே என்று அவசரமாக இரண்டாம் முறை அழுத்தியவர் அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருப்பார். ஒரே எம்4பி கோப்பாக இருக்கும் நூலில், அத்தியாயப் பிரிவுகளை அறியாத செயலி, நூலையே விட்டு அடுத்த நூலுக்குத் தாவிவிடும். சில செயலிகளில் இந்த அழுத்தங்களை முப்பது நொடி முன்னும் பின்னும் தாவுமாறு மாற்றியமைக்க முடியும். முடிந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

ஒரே நூலை இரண்டு கருவிகளில் கேட்பவர்களுக்கு, பழைய இடத்தில் நிற்கும் கருவி இணையத்தில் இணைந்ததும் புதிய இடத்தை அழித்துவிடக்கூடும். எந்த இடத்திலிருந்து தொடரலாம் என்று செயலி கேட்கும்போது, அந்தக் கேள்வியைக் காதில் வாங்காமலே சரி என்று தட்டிவிடும் பழக்கம்தான் இங்கே வினை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. செயலி தடுமாறும்போது சேமிப்பகத்தைத் துடைக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். தற்காலிகச் சேமிப்பைத் துடைப்பதால் கெடுதல் இல்லை. தரவை அழி என்ற பொத்தான் வேறு; அது நூல்களின் பட்டியல், விட்ட இடங்கள், புத்தகக் குறிகள் அனைத்தையும் சேர்த்து அழித்துவிடும். இரண்டு பொத்தான்களும் திரையில் அடுத்தடுத்து இருக்கும் என்பதால் தட்டுவதற்கு முன் பெயரை இருமுறை கேளுங்கள்.

சிறிது பின்னால் போக முயன்றால் மணிக்கணக்கில் தாவுகிறது

நூலில் முன்பின் நகர்த்தும் தேடுபட்டையில் ஃபோகஸ் இருக்கிறது. ஒரு தள்ளலுக்கு டாக்பேக் பொதுவாக ஐந்து விழுக்காடும் வாய்ஸ்ஓவர் பத்து விழுக்காடும் நகர்த்தும்; இருபது மணி நேர நூலில் அது ஒரு மணி, இரண்டு மணி. டாக்பேக்கில் இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபோகஸ் பட்டையில் இருக்கும்போது ஒலியளவு விசையை அழுத்தினால் ஒலியளவுக்குப் பதிலாகப் பட்டை நகரும். நீண்ட நூல்களில் பட்டையை அண்டாமல், நொடிக்கணக்கில் தாவும் பொத்தான்களையும் அத்தியாயப் பட்டியலையும் குறித்த நேரத்துக்குப் போகும் வசதியையும் பயன்படுத்துங்கள்.

தமிழ் மின்னூலைத் தவறாக வாசிக்கிறது

*எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் மட்டும் வாசித்துத் தமிழைத் தாண்டிப்போகிறது*

பேச்சுப் பொறியில் தமிழ்க் குரல் இல்லை. எழுத்தைப் பேச்சாக்கும் அமைப்பில் பொறியின் குரல் தரவு நிறுவும் பகுதிக்குப் போய்த் தமிழைப் பதிவிறக்குங்கள். இணையம் இருக்கும்போது மட்டும் தமிழ் கேட்டு, வெளியே போனதும் நின்றுவிட்டால், நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது இணையம் வழியாக இயங்கும் குரல். கைபேசியிலேயே தங்கும் குரலைத் தேர்ந்தெடுங்கள். திரைவாசிப்பானுக்குத் தேர்ந்த குரல் செயலியின் வாசிப்புக்குத் தானாகப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். பல செயலிகள் தங்களுக்கென்று மொழித் தேர்வு வைத்திருக்கும்.

*தமிழ் நூலில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளை அடுக்குகிறது*

தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் "ஜே கே பி ஓ அரைப்புள்ளி" என்று கேட்கிறதா? அந்த நூல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. திரையில் பார்ப்பவருக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பவை ஆங்கில விசை எழுத்துகளே. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடு பரவுவதற்கு முன் உருவான ஏராளமான தமிழ்க் கோப்புகள் பாமினி, டாம், டாப், டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் இருக்கின்றன. குரலை மாற்றுவதாலோ செயலியை மாற்றுவதாலோ இது தீராது. யூனிகோடு மாற்றி ஒன்றில் ஒரு பத்தியை மட்டும் ஒட்டி, குறியாக்கங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து, எதில் தெளிவான தமிழ் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். அது தெரிந்த பிறகு முழு நூலையும் மாற்றிக்கொள்ளலாம்.

*தமிழாகத்தான் கேட்கிறது, ஆனால் சொற்கள் உடைந்து ஒலிக்கின்றன*

பிடிஎஃப் நூல்களின் நோய் இது. எகர, ஒகர வரிசைகளில் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும் கொம்பு, பிடிஎஃப் கோப்பில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிந்திருப்பதால், மெய்க்குப் பின் வரவேண்டியது அதற்கு முன் வந்து நின்றுவிடும். "கொடுத்தான்" என்ற சொல்லின் முதலெழுத்தைப் பொறியால் சேர்த்துச் சொல்ல முடியாமல் போகும். அதே நூல் இபப் என்ற மின்னூல் வடிவில் கிடைத்தால் அதைப் பெறுவதே முதல் வழி. கிடைக்காவிட்டால் பக்கங்களைப் படமாகக் கருதி, எழுத்துணரி மூலம் புதிதாக எழுத்தாக்குங்கள். கூகுள் டாக்ஸின் எழுத்துணரி தமிழைப் படிக்கும்.

*பக்கம் முழுதும் மௌனம்*

வருடி மூலம் படமாக எடுக்கப்பட்ட நூல். எழுத்துணரியே வழி. பிழைகள் மிகுந்தால், பார்வையுள்ள ஒருவரைக் கொண்டு மெய்ப்புப் பார்ப்பது அல்லது நூலகத்திடம் அணுகத்தக்க வடிவத்தைக் கேட்பது என்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

டெய்சி நூல் செயலியில் தெரியவில்லை

டெய்சி என்பது தலைப்பு தலைப்பாகத் தாவும் வசதியுள்ள, பார்வையற்றோருக்கான நூல் வடிவம். அது தனித்தனி எம்பி3 கோப்புகளாக ஒலிக்கிறது, ஆனால் தலைப்புகளுக்கு இடையே தாவ முடியவில்லை என்றால், டெய்சியை அறியாத செயலியில் திறந்திருக்கிறீர்கள். டால்ஃபின் ஈஸிரீடர் போன்ற டெய்சி அறிந்த செயலியில் திறக்க வேண்டும்.

அத்தகைய செயலியிலும் நூல் தெரியவில்லை என்றால் ஜிப் கோப்பைப் பாருங்கள். சில செயலிகள் ஜிப்பை அப்படியே ஏற்கும். சிலவற்றுக்குப் பிரித்துத் தர வேண்டும். பிரிக்கும்போது கோப்புறைக்குள் இன்னொரு கோப்புறை உருவாகி, நூல் ஓர் அடுக்கு உள்ளே போய்விடும். டெய்சி 2.02 நூலில் என்சிசி என்ற பெயருள்ள எச்டிஎம்எல் கோப்பும், டெய்சி 3 நூலில் ஓபிஎஃப் கோப்பும் எந்தக் கோப்புறையில் நேரடியாக இருக்கின்றனவோ, அதைத்தான் செயலிக்குக் காட்ட வேண்டும்.

ஆண்ட்ராய்டு 11 முதல் வேறொரு தடையும் சேர்ந்திருக்கிறது. செயலிக்குக் கோப்புறை அனுமதி தரும்போது, டவுன்லோட் கோப்புறையையோ உள் சேமிப்பகத்தின் வேரையோ முழுதாகத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்தக் கோப்புறையைப் பயன்படுத்து என்ற பொத்தான் முடக்கப்பட்டது என்று டாக்பேக் சொல்லும். செயலி கெட்டுவிட்டதாக நினைத்துப் பலர் இங்கே கைவிடுகிறார்கள். உள் சேமிப்பகத்தில் நூல்களுக்கென ஒரு கோப்புறையை உருவாக்கி, நூல்களை அங்கே நகர்த்தி, அந்தக் கோப்புறைக்கு அனுமதி தந்தால் போதும்.

பொத்தான்களுக்குப் பெயர் இல்லை

எங்கு தொட்டாலும் "பெயரிடப்படாத பொத்தான்" என்று மட்டும் கேட்டால் குறை செயலியை எழுதியவர்களுடையது. அன்றாடம் தேவைப்படும் நான்கைந்து பொத்தான்களுக்கு நீங்களே பெயரிடலாம். வாய்ஸ்ஓவரில் பொத்தானில் ஃபோகஸை வைத்து, இரு விரல்களால் இருமுறை தட்டி, இரண்டாம் தட்டலில் விரல்களை எடுக்காமல் வைத்திருங்கள். டாக்பேக்கில் அதன் மெனுவிலேயே பெயர் சேர்க்கும் தேர்வு வரும். செயலியை எழுதியவர்களுக்கும் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் வேறு செயலிக்கு மாறுவதில் தயங்க வேண்டாம்.

புளூடூத்தில் மட்டும் கோளாறு

திரைவாசிப்பானின் ஒவ்வொரு சொல்லிலும் முதல் அசை விழுங்கப்படுவது, ஒலி இல்லாத நொடிகளில் ஹெட்செட் உறங்கிப்போவதால் நேர்வது. கம்பியுள்ள இயர்போனைத் தவிர உறுதியான மாற்று இல்லை.

புத்தகம் தொலைபேசி உரையாடல்போல் மெலிந்து கேட்டால், ஏதோ ஒரு செயலி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் ஹெட்செட் அழைப்பு நிலைக்கு மாறியிருக்கிறது. குரல் பதிவு, குரல் தட்டச்சு போன்றவற்றை மூடுங்கள். தீரவில்லை என்றால் அந்த ஹெட்செட்டின் புளூடூத் அமைப்பில் அழைப்புகள் என்பதை அணைத்து, மீடியா என்பதை மட்டும் விடுங்கள். விட்டுவிட்டுக் கேட்டால், அதே ஹெட்செட் மடிக்கணினியுடனும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போது பழுது பார்ப்பவரிடம் ஒப்படைப்பது

இயர்போனைக் கழற்றிய பின்னும் அது செருகியிருப்பதாகவே கைபேசி நினைத்துக்கொண்டிருந்தால், துளைக்குள் பஞ்சு அல்லது ஈரம் இருக்கலாம். கைபேசியை அணைத்து, உலரவிட்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் மட்டும் துடையுங்கள், ஊசியை விடாதீர்கள். அதன் பிறகும் மாறாவிட்டால் ஒப்படைக்க வேண்டியதுதான். எல்லாச் செயலிகளிலும் அழைப்பிலும் ஒலிபெருக்கி கரகரத்தாலும், திரையின் ஒரு பகுதி மட்டும் தொடுகையை உணராவிட்டாலும் அவ்வாறே. ஆனால் திரையைக் குறை சொல்லும் முன் தடித்த பாதுகாப்புக் கண்ணாடியை அகற்றிச் சோதியுங்கள். பின்புறம் உப்பியிருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டால் அது பேட்டரி; பயன்படுத்துவதை நிறுத்தி ஒப்படைத்துவிடுங்கள். மின்னேற்றுவதையும் உடனே நிறுத்துங்கள்.

ஒப்படைக்கும் முன் நூல்களையும், செயலி அனுமதித்தால் விட்ட இடங்களின் காப்பு நகலையும் வேறிடத்தில் சேமியுங்கள். பழுது பார்ப்பவர்கள் பலர் திரைவாசிப்பானைக் கண்டதில்லை. தட்டினால் திறக்காத கைபேசியைப் பழுதென்று முடிவுசெய்து, எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எனவே திரைவாசிப்பானை அணைத்துக் கொடுங்கள். திரும்ப இயக்கும் முறையை ஒரு தாளில் எழுதித் தாருங்கள். உங்களைக் கேட்காமல் மீட்டமைக்கக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

திரை மாற்றப்பட்டிருந்தால், வாங்கும்போதே திரைவாசிப்பானை இயக்கி, இரண்டு விரல், மூன்று விரல் சைகைகளைத் திரையின் நான்கு மூலைகளிலும் செய்து பாருங்கள். ஒரு விரலுக்கு ஒழுங்காக வேலை செய்யும் மாற்றுத் திரை பல விரல்களுக்குத் தடுமாறலாம். பார்வையுள்ள பழுது பார்ப்பவர் அதைச் சோதித்திருக்க வாய்ப்பில்லை.